அதே எண்ணில் இன்னொரு கணினி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

ஜெயம்மா. அவர் மகள் ஷீபா. கீழ்மாடியில் குடியிருக்கும் நான், ஜேசுராஜ்.

வேறு யாரும் இல்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்ப வைப்பது என் வேலை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலம். பர்மாவில், யாங்கோன் நகரின் பபேடான் பக்கம், ஆறாவது மாடி. மாலை ஐந்துக்குக் கரண்ட் வந்திருந்தது, ஒன்பதுக்குப் போய்விடும். ஷீபாவுக்கு ஆறரைக்கு இண்டர்வியூ. சிங்கப்பூரில் முதியோர் இல்ல வேலை. கணினியில் முகம் பார்த்துப் பேச வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கரண்ட் போய்த் தவறிவிட்டது. இந்த முறையும் தவறினால் பெயரை எடுத்துவிடுவேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்கு 'கோ ஜேசு' என்று என்னைக் கூப்பிட்டாள்; இங்கே 'கோ' என்றால் அண்ணன். கணினியில் நெட் வரவில்லை. நான் ஒரு நெட் கம்பெனியில் இரவு ஷிஃப்டில் போன் எடுத்தவன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன்.

"ராத்திரி வேலைக்குத்தானே பயந்து ஓடிட்டீங்க, கோ ஜேசு? இது சாயங்காலந்தான். பாருங்க."

"தள்ளு."

ரவுட்டர் கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. விளக்கெல்லாம் பச்சை. கணினித் திரையில் ஓர் எச்சரிக்கை: இதே எண்ணை இந்த வீட்டு இணைப்பில் வேறொரு கணினி பயன்படுத்துகிறது.

சாதாரணக் கோளாறு. ரவுட்டரோடு சேரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண் இரண்டுக்கு விழுந்தால் ஒன்று வெளியே நிற்கும்.

"வேற கம்ப்யூட்டர் இருக்கா?"

"இதையே அவ சித்திகிட்ட கெஞ்சி வாங்கினா தம்பி" என்றார் ஜெயம்மா.

பக்கத்து வீட்டில் யாராவது நம் நெட்டைத் திருடலாம். பாஸ்வேர்டை மாற்றினேன். அவர்கள் இருவர் போனையும் அணைக்கச் சொன்னேன்.

அதே எச்சரிக்கை.

எண்ணை நானே மாற்றினேன். நாற்பத்தைந்து.

அதுவும் எடுக்கப்பட்டிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு... அதுவும்.

இருநூற்று மூன்று. விரலை எடுப்பதற்குள் எச்சரிக்கை வந்துவிட்டது.

நான் எதைப் போட்டாலும் அதையே அதுவும் போட்டுக்கொண்டது.

"ஆறு இருபத்தஞ்சு..." ஷீபாவின் குரல் உடைந்தது.

அவள் கணினியை அணைத்தேன். என் போனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு சோதனை அனுப்பினேன். அந்த எண்ணில் வேறு கணினி இருந்தால் பதில் வரும்.

வந்தது. உடனே.

கடைசி வழி. ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். மூவரும் அதன் மேல் குனிந்து நின்றோம். விளக்குகள் அணைந்தன.

போனைப் பார்த்தேன்.

பதில் வந்துகொண்டிருந்தது.

ரவுட்டர் என் கையில். வயர் இல்லை. கரண்ட் இல்லை.

பதில்... பதில்... பதில்...

பின்னறையில் நாற்காலி நகர்ந்தது.

கிரீச்ச்...

யாரும் திரும்பவில்லை.

பதில் நின்றது.

வயரைத் திரும்பச் செருகி, கணினியைப் போட்டேன். ஆறு ஐம்பத்திரண்டுக்கு இணைப்பு வந்தது. எச்சரிக்கை இல்லை. ஷீபா அழுதுகொண்டே இண்டர்வியூவைத் திறந்தாள். எதிர்முனையில் யாரும் இல்லை. ஒரு செய்தி மட்டும் இருந்தது: 'நன்றாகப் பேசினீர்கள். வேலை உறுதி.'

"யாருடி பேசினது?"

"நாந்தாம்மா."

"நீ இங்கேதானேடி நின்னே..."

"நாந்தான்னு வெச்சுக்கோ. கோ ஜேசு, வெளிய சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. வேலை அவளுக்கு வேண்டும்.

மூன்று வாரம் கழித்து சிங்கப்பூரிலிருந்து அடையாள அட்டை வந்தது. அதில் போட்டிருந்த படம் அந்த இண்டர்வியூவில் எடுத்தது. ஷீபா கீழே ஓடி வந்து என்னிடம் நீட்டினாள்.

படத்தில் ஷீபா. தலை வாரி, சிரித்தபடி. பின்னறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அப்பால் கூடம், மாதா படம். அதற்குக் கீழே, ரவுட்டரின் மேல் குனிந்து, முதுகைக் காட்டி நிற்கும் மூன்று பேர்.

நான். ஜெயம்மா.

ஷீபா.

"போகாதே" என்றேன்.

"போகாம? அது இருக்குற வீட்டுலயா நான் இருக்கணும்?"

போய்விட்டாள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு, நானும் ஜெயம்மாவும் திரும்பியபோது இருட்டிவிட்டது. எடை கூடியதென்று ஷீபா எடுத்துப் போட்ட சாமான்கள் ஜெயம்மாவின் இரண்டு கையிலும். பூட்டை நான்தான் திறந்தேன். கரண்ட் இல்லை. அவர் நேராக உள்ளே நடந்தார்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ தம்பி..."

குரல் சமையலறையிலிருந்து வந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கதவு என் முகத்துக்கு முன்னால் மெதுவாக மூடியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.