கடைசிப் பக்கத்தில் என் பெயர்

குவைத்தில் செவிலியராக இருக்கிறேன். வெளிநாடுவாழ் வாக்காளராக ஆன்லைனில் பதிந்துவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தலுக்கு விடுமுறை எடுத்து ஊருக்கு வந்தேன். வாக்குப்பதிவு அன்று மாலை ஐந்து மணிக்கு, திருப்பரங்குன்றத்தில் உள்ள வாக்குச்சாவடிக்கு ஆதார் அட்டையோடு போனேன்.

பட்டியலைப் பார்த்த அலுவலர், "உங்க பேரு இல்லையேம்மா" என்றார். குவைத்திலிருந்து வந்ததாகச் சொன்னதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வெளிநாடுவாழ் வாக்காளர் என்ற தலைப்பின் கீழ் என் பெயர் மட்டும் இருந்தது. ஒருத்திக்காக ஒரு தனிப் பகுதியா என்று மலைத்து நின்றேன்.

"ஆனா உங்களுக்கு ஆதார் செல்லாது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட ஆறு மணிக்குள்ள வாங்க" என்றார்.

அது பசுமலையில் அண்ணன் வீட்டில் இருந்தது. போன் செய்தேன். "அங்கனயே நில்லு, நான் எடுத்துட்டு வாரேன்" என்றவர், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பைக்கில் வந்து சேர்ந்தார்.

பொத்தானை அழுத்தியதும் எழுந்த நீண்ட ஒலியில் உடம்பு சிலிர்த்தது. வெளியே அண்ணன், "ஒரு ஓட்டுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றார்.

"எனக்குன்னு எடம் ஒதுக்கி வச்சிருக்காகள்ல, வராம இருக்க முடியுமாண்ணே?" என்றேன்.

இப்போதெல்லாம் தேர்தல் தேதியைப் பார்த்துத்தான் விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கிறேன். இங்கே குவைத்தில் என்னோடு வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்குப் பதிவுப் படிவத்தையும் நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறேன். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோகவும் சொல்லி அனுப்புகிறேன்.