நகைக்கடையில் பொம்மைக் கட்டை

பொம்மைக் கட்டைகளைக் கொடுத்து ஊழியர்களிடம் ஒற்றுமை வளர்ப்பது எங்கள் தொழில். தி. நகரில் ஒரு நகைக்கடையை ஒற்றுமையாக்கப் போனோம். ஒரு கட்டை குறைந்தது. கடை இரண்டாகப் பிளந்தது, ஒரு பெண்ணின் வேலையும் போகப் பார்த்தது.

நீங்களும் இதில் மாட்டியிருப்பீர்கள். வேலை தலைக்கு மேல் கிடக்கும். மீட்டிங் ஹாலுக்கு வரச் சொல்லி, வட்டமாக உட்காரவைத்து, கையில் பிளாஸ்டிக் கட்டைகளைத் திணித்து, ‘உங்கள் டீமைக் கட்டிக் காட்டுங்கள்’ என்பார்கள். அப்போது கட்டைப் பெட்டியோடு நின்ற கிழவன் நானாகக்கூட இருக்கலாம். மன்னிக்கவும். தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து பிளாட் மாலதி, ஆழ்வார்பேட்டையில் இந்தக் கம்பெனியை நடத்துகிறாள். கூப்பிட்டாள், போனேன். அவள் பேசுவாள், நான் பெட்டி தூக்குவேன். என் மனைவி மாலதியிடம் சொன்னாள்: “ரொம்ப தேங்க்ஸ்டி. ஆத்துல இருந்தா ஃபேனைப் போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு, என் உயிரை எடுக்கறார்.”

பெருங்குடிப் பாலம்

முதலில் போனது பெருங்குடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ஒரு பாலம் கட்டவேண்டும், அவ்வளவுதான். பையன்கள் கட்டைகளைச் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள். போர்டில் படம் போட்டார்கள், அழித்தார்கள், மறுபடி போட்டார்கள். நான் வாசலுக்குப் போய் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். நேரம் முடிந்தபோது மேஜையில் ஒரு கட்டைகூட இன்னொன்றின் மேல் ஏறியிருக்கவில்லை.

பாலம் எங்கே என்று கேட்டேன். அவர்கள் தலைவன், தாடி வைத்த பையன், கொஞ்சமும் அசராமல் சொன்னான்: “டிசைன் முடிஞ்சிருச்சு சார். கட்டுறது அடுத்த ஃபேஸ்.”

திசை

அடுத்தது அந்த நகைக்கடை. தெற்கத்தி அண்ணாச்சி கடை. கீழே தங்கம், மேலே வெள்ளி. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கம் வாங்க வந்தவர்கள் கொலுசு கேட்டால், மாடியில் இருக்கிறது என்று கீழே யாரும் வாய் திறப்பதில்லை. வியாபாரம் எதிர்க்கடைக்குப் போகிறது. இதைத்தான் சரிசெய்யக் கூப்பிட்டார் அண்ணாச்சி. நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையைச் சொன்னார். கடை திறப்பதற்கு முன்னால், காலையில் ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடிக்கவேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். முதல் போணி அதற்குமுன் ஆகிவிடவேண்டும்.

மாலதி மேஜையில் கட்டைகளைக் கொட்டி, “உங்க கடையை நீங்களே கட்டுங்கோ” என்றாள். ஒருவர் கையும் நகரவில்லை. முதல் கட்டையை முதலாளிதான் வைக்கவேண்டுமாம். அண்ணாச்சி வந்தார், கிழக்கு எது என்று கேட்டார். நாலு பேரை விட்டு மேஜையையே திருப்பிப் போடச் சொன்னார். பிறகு வடகிழக்கு மூலை பார்த்து ஒரு கட்டையை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னார்: “கடை பொம்மையா இருக்கலாம் சார். திசை பொம்மை இல்லல்லா?”

படி எங்கே

அவர் போனதும் ஃப்ளோர் மேனேஜர் ஆறுமுகம் கட்டைகளை அள்ளினார். பெரிசு தனி, சிறிசு தனி, நிறம் நிறமாகப் பிரித்து, வெல்வெட் தட்டுகளில் வைத்து எண்ணவைத்தார். எண்ணாமல் தட்டைக் கையில் எடுப்பது அந்தக் கடையில் பாவம். புதிதாகச் சேர்ந்த தங்கப் பிரிவுப் பெண் செல்வியிடம் மாலதி ஒரு மஞ்சள் கட்டை கேட்டாள். செல்வி தட்டோடு கொண்டுவந்து, ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “இதுல லைட் வெயிட்டும் இருக்கு மேடம்” என்றாள். பழக்கம்.

கீழ்த்தளத்தைத் தங்கக்காரர்களும் மேல்தளத்தை வெள்ளிக்காரர்களும் கட்டினார்கள். அழகாகத்தான் வந்தது. கடைசியில் பார்த்தால் மாடிக்குப் படி இல்லை. வெள்ளிப் பிரிவுத் தலைவி முத்துலட்சுமி, பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருபவர், கடை திறந்த நாள்முதல் இருப்பவர், குனிந்து பார்த்தார். “படி எங்கம்மே?” என்று கேட்டார். மறந்துட்டோம் அக்கா என்றாள் செல்வி. “மறக்கல. கொலுசு கேட்டு வர்றவங்களையே நீ மேல அனுப்பமாட்டே. பொம்மையில மட்டும் அனுப்பிடப் போறியா இன்னா?”

தட்டுக் கணக்கு

ஒருவழியாக முடிந்தது என்று பெட்டியை எடுத்தேன். ஆறுமுகம் விடவில்லை. கட்டியதையெல்லாம் பிரித்து, தட்டுத் தட்டாக மறுபடி எண்ணவைத்தார். மஞ்சளில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினார்கள். குறைந்தது. மேஜைக்கு அடியில் தேடினார்கள், கம்பளத்தை உதறினார்கள். அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு எரிச்சல். சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். “போகட்டும் விடுங்கய்யா” என்றேன். இந்தப் பெட்டியில் எப்போதும் ஒன்றிரண்டு தொலையும் என்று மாலதியும் சொன்னாள். ஆறுமுகம் குரலை உயர்த்தவே இல்லை. “இன்னைக்குப் பிளாஸ்டிக்குன்னு விட்டா நாளைக்கு மூக்குத்தின்னு விடுவாளுவ சார்.”

ஷட்டருக்கு வெளியே

கணக்கு நேராகாமல் ஒருவரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. அது கடைச் சட்டம். ஷட்டர் இறங்கியே இருந்தது. வெளியே படிக்கட்டில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெரியவர் ஷட்டரைத் தட்டினார். உள்ளே பைகளைக் கவிழ்த்தார்கள், டிபன் டப்பாவைத் திறந்தார்கள். வெள்ளிக்காரர்கள்தான் எடுத்தார்கள் என்று தங்கத்தில் ஒருவன் சொன்னான். தங்கத்தின் தட்டில்தானே குறைந்தது என்று மாடிக்காரர்கள் கத்தினார்கள். காலையில் பேசாமலாவது இருந்தார்கள். எங்கள் பயிற்சிக்குப் பிறகு அடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

மஞ்சள் தட்டைக் கடைசியாகப் பிடித்தவள் செல்வி. ராகுகாலம் நெருங்கியது. ஆறுமுகம் ஒரேயடியாக முடிவு கட்டினார்: செல்வியின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது, ஷட்டரைத் தூக்கலாம். வேலை போனால் கடை விடுதியில் படுக்கையும் போகும். இது அநியாயம் என்று கத்தினேன். வெளியாள் கத்தல், யார் காதில் விழும்? செல்வி அழவில்லை. கவிழ்த்த பையில் தன் சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தபடி என்னிடம் சொன்னாள்: “ஊருக்குப் போனா கட்டிக் கொடுத்துருவாங்க சார். மாப்பிள்ளை தயாரா இருக்கான்.”

செவப்பு

அப்போது முத்துலட்சுமி எழுந்தார். இன்னும் ஏதோ குத்திக்காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இன்னாத்துக்கு ஆறுமுகம் அந்தப் பொண்ணைப் புடிச்சிக்கினு கீறே? டீ கிளாஸ் எடுத்துக்கினு போனேன்ல, அதோட அந்தச் செவப்புக் கட்டையும் வந்துட்ச்சு. தொட்டியில கழுவறப்ப ஓட்டையில பூட்ச்சு. நான்தான். என்னை வேணா அனுப்பு.”

அவரை அனுப்ப அண்ணாச்சிக்கே தைரியம் கிடையாது. அது இருக்கட்டும். குறைந்தது மஞ்சள். அரைமணியாக மஞ்சள் மஞ்சள் என்று அந்தக் கூடமே அலறியிருக்கிறது. முத்துலட்சுமிக்கு மட்டும் நிறம் தவறிவிட்டது. திருத்த வாயெடுத்தேன், மாலதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு, சற்றுமுன் வெள்ளிக்காரர்களைத் திருடர்கள் ஆக்கிய அதே தங்கப் பிரிவுப் பையன், “ஆமாண்ணே, செவப்புதான். அக்கா எடுத்துட்டுப் போறப்ப நானும் பாத்தேன்” என்றான். மாடிக்காரர்களில் ஒருத்தி, “செவப்புதான்” என்றாள். இன்னொருவன். அப்புறம் மேலும் கீழுமாக எல்லோரும். செல்விதான் கெடுக்கப் பார்த்தாள். “இல்லக்கா, அது மஞ்ச—” என்று ஆரம்பித்தாள். “நீ வாயை மூடு. மூஞ்சி கழுவிக்கினு வா, கஸ்டமர் நிக்கிறாங்க” என்றார் முத்துலட்சுமி.

ஆறுமுகம் மஞ்சள் தட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது முகங்களையும் பார்த்தார். அவருக்குத் தெரியும். தட்டின்மேல் வெல்வெட் துணியை இழுத்து மூடினார். “செவப்புதான? சரி. ஷட்டரைத் தூக்குங்கல.”

காலை முழுக்கக் கட்டை கொடுத்தும் எங்களால் ஒன்றுசேர்க்க முடியாத கடையை ஒரே பொய்யில் ஒன்றுசேர்த்தவர், வெள்ளிப் பிரிவு முத்துலட்சுமி.