மைதானத்து மேடு

லண்டன் இல்ஃபோர்டில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில் முன்பு ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. பெரிய அணிகள் ஆடிய இடமல்ல. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீரர்களாகிறவர்கள் ஆடிய இடம். அணி கலைந்து, புல் இடுப்பளவு வளர்ந்த பிறகு காவலுக்கு அமர்த்தப்பட்டவர் என் அப்பா. திருட அங்கே என்ன இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஷிப்ட் என்பதால் என்னையும் அப்பா கூட்டிப் போவார். ஜேர்மனியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளியில் எனக்குச் சிநேகிதி என்று ஒருத்தியும் இல்லை. பார்வையாளர்களின் வெறும் இருக்கைகளுக்குப் பெயர் வைத்து அவற்றோடு கதைத்துக்கொண்டிருப்பேன்.

மைதானத்தின் நடுவே மண் குவித்த மேடு ஒன்று, உச்சியில் பதித்த வெள்ளைப் பலகையோடு இருந்தது. முதல் நாளே அதில் ஏறி நின்றேன். அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கி இறக்கினார்.

"மிதிக்காதை பிள்ளை. ஆரையோ தாட்டிருக்கினம்."

அதன்பின் ஒவ்வொரு சனியும் அந்தச் சமாதியைச் சுற்றிப் புல் பிடுங்குவார். வீட்டுச் சுவாமித்தட்டுக்கு வாங்கிய பூவில் ஒன்றைக் கொண்டுவந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே வைப்பார். பிறகு அப்படியே நிற்பார். நான் கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்கிருந்த ஒரே துணையையும் அந்த மண்மேடு பிடித்துக்கொண்டதே என்று எரிச்சலாக வந்தது.

ஒருநாள் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாராம். பந்து எறிபவர் நிற்பதற்கான மேடு அது என்றும், இளமையில் தானும் அங்கே நின்று எறிந்ததாகவும் எனக்குச் சொன்னார். அதை இவ்வளவு அழகாக வைத்திருப்பது யார் என்றும் கேட்டார்.

நான் அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, அதுக்குள்ள ஒருத்தரும் இல்லையாம்! பந்து எறியிற இடமாம்!"

"ஒருத்தரும் இல்லையே?"

"ஓம் அப்பா!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த சனி அவர் பூக் கொண்டுவரவில்லை. என் பக்கத்திலேயே இருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நான் வென்றுவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

ஊரில் யுத்தத்தின்போது காணாமல் போன சித்தப்பாவுக்கு ஒரு பூ வைக்க அப்பாவுக்கு இந்த உலகத்தில் வேறு இடமே இருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவர் கண்ணைத் துடைத்ததைக்கூட, ஏமாந்துபோன வெட்கம் என்றுதான் நினைத்தேன்.