இரவல் ரத்தம்

கரும்பு வெட்டில் நிகானோரை முந்த அந்தச் சர்க்கரை ஆலையில் ஆள் கிடையாது. வெட்டுமுன் சோகை எரித்த கரும்பின் கரியும் உச்சி வெயிலும் சேர்ந்து வாட்டும்போதும் அவன் நிமிர மாட்டான். தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்து வரிசைக்காரன் முந்திவிடுவானே! இடுப்பு வலித்தால் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். உடம்புதான் பாவம். வியர்வையைக் கொட்டிச் சூட்டைத் தணித்தது. நீர் குறையக் குறைய, சிறுநீரைச் சுருக்கி ரத்தத்தின் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டது. அத்தனை பாரமும் சிறுநீரகத்தின் தலையில். அது பாதிக்கு மேல் செத்தாலும் வாய் திறக்காது. மிச்சமிருப்பது சுமையை இழுத்துக்கொண்டே போகும். நிகானோரின் அப்பாவும் அண்ணனும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும், வெட்டு தொடங்குமுன் ஆலையில் ரத்தம் எடுப்பார்கள். கிரியாட்டினின் என்ற கழிவு அதில் அளவுக்கு மேல் தேங்கியிருந்தால் வேலை இல்லை. இந்த வருஷம் நிகானோருக்குச் சிறுநீர் நுரைத்தது, காலையில் குமட்டியது. வேலை போனால் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு ஏது என்ற பயம் அவனைப் பிடித்து ஆட்டியது.

மனைவியின் தம்பி யாதேர் மூன்று சக்கர சைக்கிளில் சவாரி ஏற்றுபவன். தொப்பியை இழுத்துவிட்டால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டே வருஷம் கரும்பு வெட்டிவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று ஓடிவந்தவன். இப்போது நாள் முழுக்க வெயிலில் மிதித்து, தாகத்துக்குக் கோலா குடிப்பவன். நிகானோரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே ஆலைக்குப் போய் அவன் பெயரில் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினான்.

வியாழக்கிழமை நர்ஸ் நிகானோரைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தாள். மூன்று புள்ளி எட்டு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது.

"உங்களுக்கு இனிமே வெட்டே கிடையாதுங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

வேலை போச்சே என்றுதான் முதலில் நினைத்தான். ஆலை வாசலைத் தாண்டும்போதுதான் அது யாருடைய ரத்தம் என்று உறைத்தது. தன்னை நினைத்தே அவனுக்குக் கூசியது.

வெளியே வேப்பமர நிழலில் யாதேர் சைக்கிளில் உட்கார்ந்தபடி காத்திருந்தான், கையில் கோலா.

"என்ன மச்சான், என் ரத்தம் பாஸா? அடுத்த வருஷமும் நானே வர்றேன், தங்கமான உடம்பு."

நிகானோர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான். "இறங்கிப் பின்னாடி உக்காரு. நான் மிதிக்கிறேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

தாளை நீட்டினான். யாதேர் எண்ணைப் பார்த்தான், மேலே நிகானோரின் பெயரைப் பார்த்தான். முகம் வாடிப்போய், "ஐயோ, மச்சான்" என்று அவன் தோளைத் தடவிக்கொடுத்தான். தடவிய கை பாதியில் நின்றது.