காதால் ஈரல் சுடுகிறவர்

இடுக்கி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். இந்தச் சாப்பாட்டுக் கடையில் வந்தவர்களே சுட்டுத் தின்ன வேண்டும்; மேசைக்கு நடுவே கரி அடுப்பு, அதன் மேல் கம்பி வலை, வலையின் மேல் ஈரல் துண்டுகள். புகை அடித்தால் கண்ணாடி மங்கிவிடும். கொழுப்பு தெறித்தால் துடைத்து மாளாது. கண்ணாடி இல்லாவிட்டால், எதிரில் கிடப்பது ஈரலா, குடலா, தன் சொந்த விரலா என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர்தான்.

பக்கத்து மேசைக்காரர்கள் கவலையோடு பார்த்தால், "கண்ணு எதுக்குங்க, காது போதும்" என்பார். "ஈரல் பேசும். சொய்ங்னு சொன்னா பச்சை. சொர்ர்னு சொன்னா பதம். சத்தமே இல்லன்னா போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம்."

தன்னைக் கிண்டல் செய்துகொள்ள அவர் அடுத்தவரை எதிர்பார்ப்பதில்லை. அவர் மூக்கில் இருக்கும் தடித்த பச்சை ஃபிரேம், கடையில் யாரும் சீண்டாமல் கிடந்தது. "விக்காத சரக்கெல்லாம் கடைசில என் மூஞ்சிக்குத்தான் வரும். என் மூஞ்சி ஒரு கிடங்கு." யாரைக் கண்டாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். தான் காதலிக்கும் பையன் யார் என்று மகள் நடுங்கிக்கொண்டே சொன்னபோதும், சற்று யோசித்துவிட்டு, "நல்ல மூக்கு. எந்த ஃபிரேமும் வழுக்காது" என்றார். சம்மதம் என்று மகள் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமானது.

அந்த மூக்குக்குச் சொந்தக்காரன், அவருடைய ஒரே நண்பரின் மகன். நண்பர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கடைக்காரர் அவரிடம் கார் ஓட்டப் பழகப் போனவர். "கார் வரல. இவன்தான் வந்தான்" என்பார். அன்று தொடங்கி இருவரும் மாதம் தவறாமல் இந்தச் சுட்ட ஈரல் கடைக்கு வருகிறார்கள். சுடுவது கடைக்காரர், திட்டுவது வாத்தியார். "செருப்பு மாதிரி இருக்குடா" என்பதுதான் வாத்தியார் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு.

வாத்தியாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து, ஆபத்து என்று கண்ணில் பட்டால் போதும், காரே இல்லாவிட்டாலும் வலது கால் தானாகப் போய் மிதித்துவிடும். இந்த மேசைக்கு அடியில் அது கடைக்காரரின் பாதத்தில் விழும். "ஏன்டா மிதிக்கிற?" என்று இவர் கத்துவதும், "கால் தானா போகுதுடா" என்று அவர் சொல்வதும் சாப்பாட்டோடு சேர்ந்தவை.

கல்யாணம் பேசிமுடிக்க எல்லோரும் கூடிய அன்றுதான் வினை வந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த அறைக்குள் வாத்தியார் நுழைந்ததும், "டேய் தொப்பை, உன் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குக்கூட லேட்டாடா?" என்று கடைக்காரர் வாயைவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் சுருங்கியது. எல்லோரும் போனபின் மனைவி பிடித்துக்கொண்டார்.

"அவர் இனிமே உங்க கூட்டாளி இல்ல, சம்பந்தி. நீங்க வாய விட்டா, நாளைக்கு அந்த வீட்ல பேச்சு வாங்கப்போறது உங்க பொண்ணு. ஞாபகம் இருக்கட்டும்."

மகள் என்றதும் மனிதர் அடங்கிவிட்டார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் "வாங்க சம்பந்தி" என்று சொல்லிப் பழகினார். கண்ணாடிக் கடையில் திரும்பிய பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. எல்லாவற்றிலும் பச்சை ஃபிரேம் போட்ட ஒரு ஆள் வளைந்து கும்பிட்டான். "ஒருத்தனையே தாங்க முடியல, இத்தனை பேரா" என்று சொல்லிக்கொண்டார்.

இந்த மாதமும் வந்தார்கள். வாத்தியார் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க."

"நீங்க முதல்ல உக்காருங்க சம்பந்தி."

"அட, நீங்க உக்காருங்க."

பரிமாறுகிறவர் தண்ணீர்க் குவளையோடு வந்து இருவரையும் பார்த்தார். "உக்காரப் போறீங்களா, இல்ல பார்சலா?"

ஒருவழியாக உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஈரலை வலையில் பரப்பினார், காதைக் கொடுத்தார். சொய்ங் வந்தது. சொர்ர் வந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் அடுப்பில் இருந்த கரிக்கும் தட்டில் விழுந்த கரிக்கும் வித்தியாசம் இல்லை.

"கரி சரியில்ல இன்னிக்கு" என்றார்.

வாத்தியார் ஒரு துண்டை வாயில் போட்டார். "நல்லா இருக்குங்க."

கடைக்காரர் அடுத்துக் குடலைப் போட்டார். அது சுருண்டு ரப்பர் வளையம் ஆனது. "அருமைங்க" என்றார் வாத்தியார். மூன்றாவதாகக் கிட்னி. அதுவும் தீய்ந்தது. இத்தனை வருஷமும் பதமாகச் சுட்ட கைக்கு இன்று என்ன வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மேசைக்கு அடியில் தன் பாதத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

"சம்பந்தி, கால எங்க வச்சிருக்கீங்க?"

"நாற்காலிக்கு அடியில மடக்கி வச்சிருக்கேங்க. உங்க மேல பட்டுடக் கூடாதுன்னு வீட்ல சொல்லி அனுப்பினாங்க."

கடைக்காரருக்கு விஷயம் விளங்கியது. இத்தனை காலமும் ஈரல் பேசவில்லை. அது தீயப்போவதைக் கண்டதும் வாத்தியாரின் கால் விழும். திடுக்கிட்டு இவர் கை ஈரலைப் புரட்டிவிடும். காதாவது, பதமாவது! அடுத்தவன் காலில் சமைத்துவிட்டுத் தன் காதுக்குப் பட்டம் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அதை நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாதிச் சிரிப்பில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிரே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வாத்தியார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. வாய்க்குள் அந்தக் கிட்னி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மரியாதை விடவில்லை.

"எப்படி இருக்கு?"

"ரொம்பப் பிரமாதங்க."

கடைக்காரருக்குப் பயமாக இருந்தது. மாதா மாதம் இப்படியே எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கரியைத் தின்று, பிரமாதம் சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் கிழவர்களாகிவிடுவார்களோ என்று பயம். மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"டேய்" என்றார்.

வாத்தியார் மெல்வதை நிறுத்தினார்.

"சபையில உன்ன வாங்க போங்கன்னே சொல்றேன். உங்க அண்ணன் முன்னாடி கும்பிடக்கூடச் செய்றேன். ஆனா இங்க என்கிட்ட மரியாதையா பேசாதடா. சம்பந்தி யாருக்கு வேணா கிடைப்பான். எனக்குக் கூட்டாளின்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

சொல்லிவிட்டு இடுக்கியால் அடுப்பைக் கிளறினார். புகை கிளம்பிக் கண்ணாடி மங்கிப்போனது. வாத்தியார் சொந்தக்காரர் யாராவது வருகிறார்களா என்று வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றி, முன்னால் குனிந்து, வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பி, கடைக்காரரின் தட்டில் நடுவாக வைத்தார்.