கொல்லைக் கண்ணாடியும் எங்கள் வீட்டுச் சேவலும்

அப்பா கண்ணாடியை அளந்தார்; கதவை அளக்கவில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்கிற்று.

காரைக்குடிப் பழைய சாமான் கடையொன்றில் அவர் வாங்கிய அந்த பெல்ஜியம் கண்ணாடி, ஏதோ ஒரு பெரிய வீட்டிலிருந்து கழற்றப்பட்டு வந்தது. தேக்குச் சட்டத்தோடு எட்டடி உயரம், ஆறடி அகலம். அதற்குரிய வீடுகளுக்கு யானை நுழையும் வாசல் உண்டு. எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரே சற்று யோசித்துத்தான் நுழையும். ஆகவே கண்ணாடியைக் கொல்லையில், கொய்யா மரத்தடிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

“ஒரு நல்ல நாள் பாத்து உள்ள கொண்டு போவோம்,” என்றார் அப்பா. நிலைக்கதவைப் பெயர்க்காமல் அதை உள்ளே கொண்டுபோகும் நல்ல நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை என்பது அம்மாவின் கருத்து.

கொல்லை அம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே ஐந்து நாட்டுக்கோழிகளும் ஒரு செந்நிறச் சேவலும் இருந்தன. அடுத்தடுத்து இரண்டு முறை அடை வைத்தும் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை, அத்தனையும் கூமுட்டை. அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“வார ஞாயித்துக்கெழம அதக் கொழம்பு வச்சிர வேண்டியதுதான்.”

குற்றம் சாட்டப்பட்ட சேவலோ எங்கள் தெருவிலேயே பெரிய வீரன். விடிந்தது முதல் அடையும் வரை கண்ணாடிச் சேவல்மேல் பாய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் நான் எண்ணினேன்: ஒரு மணி நேரத்தில் அறுபத்திரண்டு பாய்ச்சல். பக்கத்து வீட்டார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து வியந்தார்கள். “ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்,” என்று அப்பா, தாமே பாய்ந்தவர்போல் மீசையைத் தடவிக்கொள்வார்.

சனிக்கிழமை, சிவகங்கையிலிருந்து மதினி வந்தார். என் அண்ணன் மனைவி, கால்நடை மருத்துவர். கொல்லைப் படியில் நின்று சிறிது நேரம் போரைப் பார்த்தார்.

“அத்த, இதக் கொழம்பு வைக்காதீக. இந்த வீரந்தான் வெனை.”

அவர் சொன்னதை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். சிறுநீரகத்தின் தலைமாட்டில் அட்ரீனல் என்றொரு சுரப்பி இருக்கிறது. பகையைக் கண்டதும் அது ஒரு ஹார்மோனைச் சுரந்து உடலைப் போருக்கு ஆயத்தம் செய்யும். பகைவன் வந்து போய்விட்டால் நல்லது. போகவே மறுத்தால் சுரப்பும் ஓயாது. பிள்ளை பெறும் காரியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உடல் அதை ஒத்திப்போடும். மூளையிலிருந்து விரைகளுக்குப் போகும் கட்டளை தளரும், ஆண்மைக்குரிய ஹார்மோன் குறையும், விந்தணுவும் குறையும். லாரியில் நெருக்கி ஏற்றிய காளைக்கும் நாயைக் கண்டு மிரண்ட கிடாய்க்கும் இதே நிலை வரலாமாம். இலக்கிய மாணவியான எனக்கு இது எளிதில் விளங்கிற்று: எங்கள் கொல்லையில் புறத்திணை கொழிக்க, அகத்திணை பட்டினி கிடந்தது.

“ஆபீஸுல நாளெல்லாம் கத்திட்டு வர்ற ஆம்பளைகளுக்கும் இதானா?” என்றாள் அம்மா.

“எல்லா ஆம்பள உசுருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, அத்த.”

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

ஆனால் அம்மா எளிதில் தோற்பவள் அல்லள். “கண்ணாடி கார்த்திகையில வந்துச்சு. மார்கழிக் கடைசியில ஒம்பது குஞ்சு பொரிச்சுச்சு. அப்பவும் அது அங்குட்டுத்தான நின்னுச்சு? நீ படிச்சவ, சொல்லு.”

மதினி கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை இருந்தது. அது என்னிடம் மட்டுமே இருந்தது. என் வாழ்வில் நான் சொல்ல விரும்பாதவற்றுள் முதலிடம் அதற்குத்தான். சேவலைப் பார்த்தேன். அறுபத்து மூன்றாவது பாய்ச்சலுக்கு இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது.

“அப்பக் கண்ணாடி தூசியா இருந்துச்சு. தை மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கெழம நாந்தான் விபூதி போட்டுத் தொடச்சேன்.”

“எதுக்கு?”

“வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழக.”

“யாருட்ட?”

“என்கிட்டதான்.”

அம்மா இடுப்பில் கை வைத்தாள். “அடியாத்தீ! மத்தியானமானா கொல்லையில யாரோ ‘அவையோர்க்கு வணக்கம்’ங்கிறாக, வந்து பாத்தா ஆளக் காணோம். நான் காத்துக்கருப்புன்னுல்ல வாசல்ல வேப்பெல சொருகி வச்சேன்!”

மதினி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செய்தித்தாளும் குலுங்கிற்று. அம்மா வரும் சத்தம் கேட்டால் நான் கொய்யா மரத்துக்குப் பின்னே மறைந்துவிடுவேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அம்மா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். கெட்டுப்போன இரண்டு அடையும் தை மாதத்துக்குப் பிந்தியவை. “சரி, ஒரு அடை. அதுக்கு மேல கெடையாது.”

நால்வருமாகக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். மூன்று நாள் சேவல் பகைவனைத் தேடிற்று. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் தலையை நுழைத்துப் பார்த்தது. நான்காம் நாள் மண்ணைக் கிளறி, கிடைத்த புழுவைத் தான் தின்னாமல் பெட்டைகளைக் கொக்கரித்து அழைத்தது. கண்ணாடியை இழந்த நான் சேவலின் முன் நின்று என் உரையைப் பழகினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்ட அவையோர் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

விந்து புதிதாய் ஊறச் சில வாரம் ஆகும் என்று மதினி சொல்லியிருந்ததால், ஐந்தாம் வாரம் அம்மா பதினொரு முட்டைகளை அடை வைத்தாள். ஒவ்வொன்றிலும் நான் பென்சிலால் தேதி எழுதினேன். ஏழாம் நாள் நண்பகலில், ஜன்னல் இல்லாத சாமான் அறையில், கைப்பேசி விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம்.

முதல் முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சம். “ம்,” என்றாள் அம்மா. இரண்டாவதும் அப்படியே. அம்மா அதையும் ஓரமாக வைத்தாள்.

மூன்றாவதில், சிலந்திவலைபோல் சிவந்த இழைகள். நடுவே ஒரு புள்ளி துடித்தது.

பதினொன்றில் ஏழு. அம்மா ஏழையும் ஒவ்வொன்றாக முந்தானையில் வாங்கி, அடைக்கோழியின் கீழ் வைத்தாள். கொய்யா மரத்தடியில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த சேவலைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, என்னிடம் திரும்பாமலே சொன்னாள்:

“ஒங்கப்பாட்டச் சொல்லு, ஞாயித்துக்கெழமைக்கு மீனு வாங்கியாரச் சொல்லி.”