ஐம்பத்திரண்டு கிலோ மாப்பிள்ளை

எழுமலைக்காரரான தவசி பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. எடை ஐம்பத்திரண்டு கிலோ. அதற்கு மேல் போனால் அவரை நம்பிக் குதிரை தரமாட்டார்கள். கல்யாணமான கையோடு அவரும் மனைவி சத்யப்ரியாவும் விருந்துக்குத் திருமங்கலம் போனார்கள். மாமனார் முத்திருளன் அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கறிக்கடை வைத்திருப்பவர்.

மாப்பிள்ளையின் ஒல்லி உடம்பைப் பார்த்து மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. வேளாவேளைக்கு ஈரலும் நல்லியும் இலையில் வந்து விழுந்தன. வேண்டாமென்றால் மாமியார் பாண்டீஸ்வரி கண் கலங்கினார். ஒருநாள் கடைத் தராசில் ஏறிப் பார்த்த தவசிக்குத் தலை சுற்றியது. இரண்டு கிலோ கூடியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் இளங்குதிரைகளுக்கான பந்தயம்.

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், மழைக்கோட்டு மாட்டி, மேலே கம்பளியும் போர்த்திக்கொண்டு நாலுவழிச்சாலை ஓரமாக ஓடினார். வேர்த்துக் கொட்டினால் எடை இறங்கும். பார்த்தவர்கள் கறிக்கடைக்குப் போய்ச் சொன்னார்கள். முத்திருளனுக்குச் சந்தேகமே இல்லை, இது பேய்தான்.

சாயங்காலம் கருப்பசாமி கோயில் பூசாரி விபூதியை வீசி அதட்டினார்.

"சொல்லு, இவன் மேல ஏறியிருக்குறது யாரு?"

"என் மேல யாரும் ஏறலண்ணே. நான்தான் குதிரை மேல ஏறணும்" என்ற தவசி, எடை விவகாரத்தையும் விளக்கினார்.

பூசாரி கருப்பசாமி சிலைப் பக்கம் திரும்பினார். "நம்ம சாமியும் குதிரையிலதான் போகுது. யாரும் தராசுல நிறுத்துனதில்லையே" என்றவர், எதற்கும் ஒரு மொட்டை போட்டுவிடச் சொன்னார். தவசி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தலைமுடிக்கும் எடை உண்டல்லவா.

ஊட்டியில் தராசு முள் சரியாக ஐம்பத்திரண்டில் நின்றது. அவர் ஓட்டிய பெண்குதிரை நாலாவதாக வந்தது. வேன் பிடித்துச் சொந்தபந்தத்தோடு வந்திருந்த முத்திருளன், மூச்சிரைக்க நின்ற அதன் வயதைக் கேட்டார். மூன்று என்றார் பயிற்சியாளர்.

"மூணு வயசுப் பிள்ளையவா சாட்டையக் காட்டி விரட்டுறீக?"

ஆள் கூடிவிட்டது. பயிற்சியாளர் பயந்துபோய், குதிரைக்கு மூன்று என்றால் மனுசருக்குப் பதினெட்டு மாதிரி என்று சமாதானம் சொன்னார். முத்திருளன் அடங்கினார். கொஞ்ச நேரம் அதன் கழுத்தைத் தடவியபடி நின்றவர், மருமகனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, வாடிப்பட்டியில எனக்குத் தெரிஞ்சவுக வீட்டுல ஒரு ஆண்குதிரை நிக்கிது. நல்ல குடும்பம். பேசிப் பாக்கவா?"

தவசி சிரிக்கவில்லை. பேசுங்க மாமா என்றார்.